அரெனாடோ போய்விட்டார்: கார்டினல்ஸின் மூன்றாம் பேஸில் மேலிருந்து கீழ்வரை யார் இருக்கிறார்கள்?

செங்குருவி · 15 ஜனவரி 2026

நம் பேஸ்பால் அணியான செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் மூன்றாம் பேஸ்காரர் நோலன் அரெனாடோ அரிசோனா அணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம், 4.2 கோடி டாலர் சம்பளம் பாக்கி இருந்தது. அதில் பெரும்பகுதியை நம் அணியே ஏற்றுக்கொண்டு அனுப்பியிருக்கிறது. பதிலுக்கு வந்தவர் ஜாக் மார்ட்டினஸ் என்ற இளம் பிட்சர் (பந்து எறிபவர்). பணத்தைவிட அந்த இடம் காலியாவதுதான் முக்கியம் என்று அணியின் ஆட்டப் பிரிவுத் தலைவர் சைம் புளூம் முடிவெடுத்திருக்கிறார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 2024 டிசம்பரில் ஹூஸ்டனுக்கு அனுப்ப எல்லாம் கூடிவந்தபோது அரெனாடோ தன் ஒப்பந்த உரிமையைக் கொண்டு மறுத்துவிட்டார். அதனால் ஒரு வருடம் தள்ளிப்போனது. போன சீசனில் 107 ஆட்டம், .237 பேட்டிங் சராசரி, 12 ஹோம் ரன். தோள்பட்டையும் பழுதானது. 2013 முதல் 2022 வரை பத்து வருடம் ஒன்றுகூட விடாமல், தன் இடத்தின் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் கிளவ் விருது வாங்கிய மனிதர். அவர் கையிலிருந்து பந்து பறந்த விதத்தைப் பார்த்த யாரும் மறக்க மாட்டார்கள். நன்றியோடு வழியனுப்புவோம்.

இனி அந்த மூலை யாருக்கு? மேலிருந்து கீழாகப் பார்க்கலாம்.

செயின்ட் லூயிஸில் முதல் பெயர் நோலன் கோர்மன். அடுத்து தாமஸ் சகீஸி. பிரெண்டன் டொனோவனும் ஆடுவார், ஆனால் டிரேட் (அணிகளுக்குள் ஆள் மாற்றுவது) பேச்சில் தினமும் அவர் பெயர்தான் அடிபடுகிறது, அவரை நம்பித் திட்டம் போட முடியாது. ஒரு படி கீழே, நம் மைனர் லீக் அணிகளில் மேல்நிலையான மெம்ஃபிஸில் பிளேஸ் ஜோர்டன். அங்கேயே ஜே.ஜே. வெதர்ஹோல்ட் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் இடம்), இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் மூன்றையும் பழகிவிட்டு மேலே வரக் காத்திருக்கிறார். அதற்குக் கீழே ஹெசூஸ் பாயெஸ். எண்ணிப் பார்த்தால் ஆள் இருக்கிறார்கள். ஆனால் "இது என் இடம்" என்று சொல்லும்படி அங்கே ஒருவரைக்கூட நாம் வளர்க்கவில்லை.

என் கருத்து: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கோர்மனை அங்கே தினமும் ஆடவிட வேண்டும். இடதுகை பிட்சர் வந்தாலும் சரி, பத்து நாள் அடிக்காமல் போனாலும் சரி. 2018 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 19ஆவது தேர்வாக எடுத்தபோது அவர் மூன்றாம் பேஸ்காரர். 2021 பிப்ரவரியில் அரெனாடோ வந்தார், உடனே கோர்மனை இரண்டாம் பேஸுக்குத் தள்ளினோம். அதன்பிறகு முழு சீசன் ஒன்றுகூட தன் சொந்த இடத்தில் அவர் ஆடியதில்லை.

---

புள்ளிக்கணக்கு · 15 ஜனவரி 2026

கோர்மன் மேல் எனக்கும் அன்பு உண்டு. ஆனால் அவருடைய பிரச்சினை எங்கே நிற்கிறார் என்பதில் இல்லை. பேட்டில் இருக்கிறது. 2023இல் 27 ஹோம் ரன் அடித்தார், நம்பினோம். 2024இல் சராசரி .203. மூன்று முறை பேட் பிடித்தால் ஒரு முறைக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்காமலே அவுட்). ஆகஸ்டில் மெம்ஃபிஸுக்கு அனுப்பினார்கள். 2025இல் இடம் தருவதாகச் சொன்னார்கள், கொஞ்சம் தந்தார்கள், பெரிய மாற்றம் இல்லை. உயரமாக வரும் வேகப்பந்தை அவரால் தொட முடியவில்லை என்பது லீக் முழுக்கத் தெரியும். மூன்றாம் பேஸில் நின்றால் அந்தப் பந்து தாழ்ந்து வராது.

இன்னொன்று, முதுகு. கீழ்முதுகு வலி அவரை ஏற்கெனவே உட்காரவைத்திருக்கிறது. குனிந்து பந்து எடுப்பதும் நிமிராமலே எறிவதும் அந்த இடத்தில் தினசரி வேலை.

---

ஸ்போர்ட்ஸ்மேன்ஸ் பார்க் · 16 ஜனவரி 2026

இரண்டு பேரும் கோர்மனைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த அமைப்பு மூன்றாம் பேஸை எப்படி நிரப்பி வந்திருக்கிறது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். எனக்கு வருடக்கணக்காக மனதில் கிடக்கும் விஷயம் இது.

2010 முதல் சுற்றில் ஸாக் காக்ஸ், 25ஆவது தேர்வு, மூன்றாம் பேஸ். மேஜர் லீகுக்கு வராமலே 2012 ஜூலையில் எட்வர்ட் முஹீகாவுக்காக மயாமி போனார். 2012இல் முதல் சுற்றை ஒட்டிய கூடுதல் தேர்வுகளில் இரண்டு பேர்: ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஸ்டீபன் பிஸ்காட்டி, அப்புறம் பேட்ரிக் விஸ்டம். இருவருமே மூன்றாம் பேஸ். பிஸ்காட்டியை அடுத்த வருடமே ரைட் ஃபீல்டுக்கு மாற்றினோம். விஸ்டம் வருடக்கணக்காக மைனர் லீகில் கிடந்து, 2018இல் எட்டிப் பார்த்து, டெக்சாஸுக்கு அனுப்பப்பட்டார். 2021இல் சிகாகோ கப்ஸுக்காக 28 ஹோம் ரன் அடித்து, அந்த அணியின் புதுமுகச் சாதனையை உடைத்தார். நமக்கு எதிராகவும் அடித்தார். 2018இல் கோர்மன். 2020இல் 21ஆவது தேர்வாக ஜோர்டன் வாக்கர், அவரும் மூன்றாம் பேஸ். 2022இல் மைனர் லீக் அணியான ஸ்பிரிங்ஃபீல்டில் அடி அடியென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே அவுட்ஃபீல்டுக்கு அனுப்பினோம்.

பத்து வருடத்தில் இப்படி ஐந்து பேர். ஒருவர்கூட நம் மூலையில் வேர் பிடிக்கவில்லை.

உண்மையில் அங்கே ஆடியவர்கள் யார்? ஸ்காட் ரோலன், 2002 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவிடமிருந்து டிரேடில் வந்தவர். டிராய் கிளாஸ், ரோலனையே கொடுத்து டொரண்டோவிடமிருந்து வாங்கியவர். டேவிட் ஃப்ரீஸ், நம்ம ஊர்ப் பையன்தான், ஆனால் டிராஃப்டில் எடுத்தது சான் டியேகோ. ஜிம் எட்மண்ட்ஸைக் கொடுத்து 2007 டிசம்பரில் வாங்கினோம், 2011 அக்டோபரில் உலகத் தொடர்க் கோப்பை வாங்கித் தந்த கதையைச் சொல்லத் தேவையில்லை. மேட் கார்ப்பென்டர், 2009இல் 13ஆவது சுற்று, கையொப்பப் பணம் ஆயிரம் டாலர். கடைசியாக அரெனாடோ, மறுபடி டிரேட்.

பெரிய பணமும் பெரிய தேர்வும் கொடுத்து எடுத்த மூன்றாம் பேஸ்காரர்களை வேறு இடத்துக்கு மாற்றினோம், இல்லையென்றால் விற்றோம். ஆடியதோ வெளியிலிருந்து வந்தவர்கள், அல்லது யாரும் எதிர்பார்க்காதவர்கள். இதை அதிர்ஷ்டம் துரதிர்ஷ்டம் என்று மட்டும் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கையில் இருப்பவரை அவர் இடத்தில் பொறுமையாக வைத்திருக்கும் பழக்கம் இங்கே இல்லை.

---

புள்ளிக்கணக்கு · 16 ஜனவரி 2026

> கையில் இருப்பவரை அவர் இடத்தில் பொறுமையாக வைத்திருக்கும் பழக்கம் இங்கே இல்லை.

நல்ல பட்டியல், ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஆல்பர்ட் புஹோல்ஸ் 2000இல் நம் மைனர் லீக் அணியான பியோரியாவில் மூன்றாம் பேஸ் ஆடினார். 2001இல் செயின்ட் லூயிஸிலும் நிறைய ஆட்டங்களில் அங்கே நின்றார். ரோலன் வந்ததும் வழி விட்டார். யாருக்கு நஷ்டம்? கார்ப்பென்டரை 2013இல் ஃப்ரீஸுக்காக இரண்டாம் பேஸுக்கு மாற்றினார்கள். அந்த வருடம் 199 ஹிட், 55 டபுள் (இரண்டாம் பேஸ்வரை ஓடும் அடி), 126 ரன். இட மாற்றம் ஒருவரைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டுமானால், மாறியும் செழித்தவர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அடிக்கத் தெரிந்தவர் எங்கே நிறுத்தினாலும் அடிக்கிறார்.

---

செங்குருவி · 16 ஜனவரி 2026

புஹோல்ஸை உதாரணமாக வைத்து எந்த விதியும் எழுத முடியாது நண்பரே. அப்படி ஒருவர் தலைமுறைக்கு ஒரு முறைதான் வருவார்.

கார்ப்பென்டர் கதை வேறு. அவர் 27 வயதில், கல்லூரியும் மைனர் லீகும் முடித்து, பந்தைப் பார்த்து விடும் பொறுமையோடு முழு ஆளாக வந்தவர். கோர்மனும் வாக்கரும் பள்ளியிலிருந்து நேராக வந்த பையன்கள். மேஜர் லீக் பிட்சிங்கைக் கற்றுக்கொள்ள வேண்டிய அதே வருடங்களில் புது இடத்தையும் கற்கச் சொன்னோம். வாக்கரைப் பாருங்கள். 2023இல் முதல் 12 ஆட்டத்திலும் ஹிட் அடித்தார். 20 வயதோ அதற்குக் குறைவோ ஆனவர்களில் 1912இல் எடி மர்ஃபி வைத்திருந்த சாதனைக்குச் சமம். அந்த ஏப்ரல் முடிவதற்குள் மெம்ஃபிஸுக்கு அனுப்பினார்கள். அவுட்ஃபீல்டில் பந்து எங்கே விழும் என்று தேடித் திரிந்ததும் அதற்கு ஒரு காரணம். 2024இல் சராசரி .201. இன்றுவரை அவர் எழவில்லை.

அரெனாடோவை வாங்கியது தப்பு என்று சொல்லவில்லை. 2022இல் .293, 30 ஹோம் ரன், எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். அவரும் முதல் பேஸ்காரர் கோல்ட்ஷ்மிட்டும் சேர்ந்து அந்த வருடம் டிவிஷனை வாங்கித் தந்தார்கள். ஆனால் கொலராடோவுக்குப் போன ஐந்து பேரை மட்டும் அந்த டிரேடின் விலையாக எண்ணுகிறோம். கோர்மனும் வாக்கரும் தடம் மாறியதையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

---

லெக்சைடு · 16 ஜனவரி 2026

நான் கிரிக்கெட்டிலிருந்து இந்தப் பக்கம் வந்தவன். ஒன்று புரியவில்லை. இன்ஃபீல்டில் நன்றாகப் பந்து பிடிப்பவர் யாராக இருந்தாலும் மூன்றாம் பேஸில் நிறுத்தலாம் அல்லவா? டொனோவன் 2022இல் கோல்ட் கிளவ் வாங்கினாரே. ஏன் இவ்வளவு யோசனை?

---

பியோரியா பக்கம் · 17 ஜனவரி 2026

நல்ல கேள்வி. டொனோவன் வாங்கியது பல இடங்களில் ஆடுபவருக்கான கோல்ட் கிளவ். அந்த விருது தொடங்கிய முதல் வருடமே நேஷனல் லீகில் அவருக்குக் கிடைத்தது.

மூன்றாம் பேஸில் முதல் விஷயம் நேரம். வலதுகை ஆட்டக்காரர் இழுத்து அடிக்கும் பந்து நேராக அங்கேதான் வரும். கிரிக்கெட்டில் சில்லி பாயிண்டில் நிற்பவருக்குக் கிடைக்கும் அவகாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இங்கே பந்தைப் பிடிப்பதோடு வேலை முடியாது. மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்கு 127 அடி. கோட்டை ஒட்டிப் பேஸுக்குப் பின்னால் பிடித்தால் அதைவிட அதிகம். இரண்டாம் பேஸ்காரருக்கு அந்த எறிதூரம் மிகக் குறைவு. அதனால் கை பலம் சுமாராக இருப்பவர்கள் அங்கே ஒளிந்துகொள்ளலாம், இங்கே முடியாது. இதற்கு நேர்மாறாக, பன்ட் (பந்தை மெதுவாகத் தட்டிவிடுவது) ஆடினால் முன்னால் ஓடிவந்து வெறுங்கையால் அள்ளி, ஓட்டத்திலேயே எறிய வேண்டும். அரெனாடோ இந்த மூன்றையும் செய்தார். பலர் இரண்டைச் செய்வார்கள்.

நம் பிட்சர்களைப் பார்த்தால் இது இன்னும் முக்கியம். ஆண்ட்ரே பல்லான்டே போன்றவர்கள் ஸ்ட்ரைக் அவுட்டை நம்பி ஆடுபவர்கள் அல்ல, தரையோடு உருளும் பந்தை வரவழைப்பவர்கள். 2023 முதல் ஷிஃப்ட் (இன்ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவிப்பது) தடை வேறு. இரண்டாம் பேஸின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பேர் நின்றாக வேண்டும். பக்கத்தில் ஷார்ட்ஸ்டாப்பில் மேசின் வின் இருக்கிறார், 2025 கோல்ட் கிளவ். மூன்றாம் பேஸ்காரர் தன் இடது பக்கம் விடுவதில் பாதியை வின் எடுத்துவிடுவார். ஆனால் கோட்டோரம் போகும் டபுளை வின்னால் தடுக்க முடியாது. கோர்மனிடம் கை பலம் இருக்கிறது. கால் மெதுவு. கோட்டுக்கு நெருக்கமாக நிறுத்திவிட்டு மற்ற பக்கத்தை வின்னிடம் விட்டால் சமாளிக்கலாம் என்பது என் கணிப்பு.

இப்போது கீழ்மட்டத்துக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

2025 ஜூலை இறுதியில் புளூம் பொறுப்பேற்கும் முன்னரே, முந்தைய தலைவர் மோசலியாக்கின் கடைசி டிரேட் டெட்லைனில், இரண்டு டிரேட் நடந்தன. ஸ்டீவன் மாட்ஸைக் கொடுத்து பாஸ்டனிலிருந்து பிளேஸ் ஜோர்டன். ரயன் ஹெல்ஸ்லியைக் கொடுத்து மெட்ஸிடமிருந்து மூன்று பேர், அதில் பாயெஸ். ஜோர்டன் மிசிசிப்பியின் சவுத்ஹேவனில் படித்தவர். மெம்ஃபிஸுக்கு ஒட்டிய ஊர், கிட்டத்தட்ட வீட்டு மைதானம். சின்ன வயதிலேயே ஹோம் ரன் போட்டி வீடியோக்களால் பெயர் வாங்கியவர். ஆனால் இப்போது அவருடைய பலம் பந்தைத் தவறவிடாமல் தொடுவது. கோர்மனுக்கு நேர் எதிர்! வலதுகை. முதல் பேஸும் மூன்றாம் பேஸும் ஆடுவார். கடைசியில் முதல் பேஸ்தான் அவருக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

பாயெஸ் வேறு ரகம். டொமினிக்கன், 20 வயது, வலதுகை, நல்ல எறிகை. ஷார்ட்ஸ்டாப்பாகத் தொடங்கினாலும் உடல்வாகு மூன்றாம் பேஸுக்கே பொருந்துகிறது. 2024இல் முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவர், அதனால் ஷார்ட்ஸ்டாப் கனவை இன்னும் நீட்டிக்காமல் இந்த வருடம் ஸ்பிரிங்ஃபீல்டிலோ பியோரியாவிலோ மூன்றாம் பேஸிலேயே வைத்துவிடுவது நல்லது. பாம் பீச்சிலும் அதற்குக் கீழேயும் இருப்பவர்களைப் பற்றி இப்போதே பேசுவது வீண். அந்த வயதில் எல்லோரும் ஷார்ட்ஸ்டாப்தான். நகரக்கூடியவரை முதலில் அங்கே நிறுத்திப் பார்த்து, கால் போதாதவரை வலது பக்கமும் கை இருப்பவரை இடது பக்கமும் நகர்த்துவார்கள்.

---

லெக்சைடு · 17 ஜனவரி 2026

மிக்க நன்றி. அப்படியானால் வாக்கரையே திரும்ப மூன்றாம் பேஸில் நிறுத்தினால் என்ன? கை பலம் உள்ளவர் என்று கேள்விப்பட்டேன்.

---

ஸ்போர்ட்ஸ்மேன்ஸ் பார்க் · 17 ஜனவரி 2026

கை இருக்கிறது, லீகிலேயே வேகமாக எறிபவர்களில் ஒருவர். ஆனால் ஆறடி ஆறங்குல உடம்பு. அங்கே விட்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அவர் காப்பாற்ற வேண்டியது பேட்டை. இன்னொரு முறை இடம் மாற்றினால் அந்தப் பையனை மொத்தமாக இழந்துவிடுவோம். வேண்டாம்.

---

புள்ளிக்கணக்கு · 18 ஜனவரி 2026

வாக்கர் விஷயத்தில் ஸ்போர்ட்ஸ்மேன்ஸ் சொல்வதே சரி. ஆனால் நாம் எல்லோரும் பெரிய பெயரைத் தொடாமலே சுற்றுகிறோம். வெதர்ஹோல்ட்.

2024 டிராஃப்டில் ஏழாவது தேர்வு. 2025இல் ஸ்பிரிங்ஃபீல்டும் மெம்ஃபிஸும் சேர்த்து .306, 17 ஹோம் ரன், 23 ஸ்டீல் (பேஸ் திருட்டு). ஏப்ரலில் மேலே வந்தே ஆக வேண்டும். முழு வருடம் ஆடி சிறந்த புதுமுக விருது வாங்கினால் அணிக்குக் கூடுதல் டிராஃப்ட் தேர்வும் கிடைக்கும். ஷார்ட்ஸ்டாப் வின்னுடையது, பேச்சே இல்லை. டொனோவன் இருந்தால் இரண்டாம் பேஸ் அவருடையது. மிச்சம் மூன்றாம் பேஸ். நம் சிறந்த இளைஞரை அங்கே நிறுத்தினால் இந்த இழையே தேவைப்படாது. கோர்மன் டிஎச் (ஃபீல்டிங் இல்லாமல் பேட்டிங் மட்டும்) ஆடட்டும், முதுகுக்கும் நல்லது.

---

செங்குருவி · 18 ஜனவரி 2026

இங்கேதான் முழுமையாக முரண்படுகிறேன். வெதர்ஹோல்ட் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப்பும் இரண்டாம் பேஸும் ஆடிப் பழகியவர். இரண்டாம் பேஸில் அவர் கைக்கு வேலை சுலபம், கால் வேகத்துக்குப் பயன் அதிகம். டொனோவன் இன்னும் எத்தனை வாரம் இங்கே இருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு மாதத் தேவைக்காக வெதர்ஹோல்டை மூன்றாம் பேஸில் நிறுத்தி, டொனோவன் போனதும் இரண்டாம் பேஸுக்கு இழுத்தால், கோர்மனுக்கும் வாக்கருக்கும் செய்ததை மூன்றாவது முறையாகச் செய்கிறோம். வந்த முதல் நாளே ஓர் இடம் கொடுத்து அங்கேயே விடுங்கள்.

கோர்மனை டிஎச் ஆக்கினால் அவர் மதிப்பு பாதி போய்விடும். .220 அடித்து 25 ஹோம் ரன் போடும் மூன்றாம் பேஸ்காரர் பல அணிக்குத் தேவை. அதே ஆள் டிஎச் என்றால் யாரும் ஃபோன் எடுக்க மாட்டார்கள்.

---

பியோரியா பக்கம் · 18 ஜனவரி 2026

இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கோர்மன், வெதர்ஹோல்ட், டொனோவன், பர்ல்சன், நூட்பார் எல்லோருமே இடதுகை ஆட்டக்காரர்கள். கான்ட்ரேரஸையும் பாஸ்டனுக்குக் கொடுத்தாயிற்று. அரெனாடோவும் போனதில் வலதுகை பலம் மொத்தமாகக் கரைந்துவிட்டது. எதிரணி ஏழாவது இன்னிங்ஸில் ஓர் இடதுகை ரிலீவரை (மாற்றுப் பிட்சர்; இடதுகை ஆட்டக்காரர்களுக்கு அவரை அடிப்பது கடினம்) இறக்கினால் வரிசையாக மூன்று பேரை அடக்கிவிடலாம். அதனால்தான் சகீஸி முக்கியம் என்கிறேன். 2023இல் ஜோர்டன் மான்ட்கமரிக்காக டெக்சாஸிடமிருந்து வந்தார், அந்த வருடம் டெக்சாஸ் லீக் என்ற மைனர் லீகின் எம்விபி. மேலே வந்து இன்னும் தன் முழு ஆட்டத்தைக் காட்டவில்லை. ஆனால் வலதுகை, மூன்று இடமும் ஆடுவார்.

செங்குருவி சொல்வது போல இடதுகை பிட்சருக்கு எதிராகவும் கோர்மனை ஆடவைத்தால் சகீஸிக்கு எங்கே ஆட்டம் கிடைக்கும்?

---

செங்குருவி · 18 ஜனவரி 2026

நியாயமான கேள்வி. சகீஸி வின்னுக்கும் வெதர்ஹோல்டுக்கும் ஓய்வு கொடுத்தாலே வாரத்துக்கு மூன்று ஆட்டம் வரும். வின் செப்டம்பரில் முழங்கால் சிகிச்சை செய்துகொண்டவர், அவருக்கு ஓய்வு நாள் தேவைப்படும். கோர்மனுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அன்றைக்கு மூன்றாம் பேஸ் சகீஸிக்கு. இடதுகை பிட்சர் என்ற காரணத்துக்காக மட்டும் கோர்மனை உட்காரவைக்காதீர்கள் என்பதுதான் நான் கேட்பது. ஜெயிக்கும் வருடமாக இருந்தால் இதைக் கேட்க மாட்டேன். 2026 ஜெயிக்கும் வருடம் இல்லை என்று நிர்வாகமே பிட்சர் கிரே, கான்ட்ரேரஸ், அரெனாடோ மூவரையும் அனுப்பிச் சொல்லிவிட்டது. தோற்பதற்கு நேரம் இருக்கும்போது கற்றுக்கொள்ளவாவது அதைப் பயன்படுத்த வேண்டும். அக்டோபரில் கோர்மன் முடியாது என்று தெரிந்தால் அதுவும் ஒரு பதில். ஐந்து வருடமாக அந்தப் பதில்கூட நம்மிடம் இல்லை.

---

ஸ்போர்ட்ஸ்மேன்ஸ் பார்க் · 19 ஜனவரி 2026

கோர்மனுக்கு முழு வருடம் என்பதற்கு என் வாக்கும் உண்டு. ஆனால் அவர் விழுந்தால் அடுத்து யார் என்பதையும் இப்போதே எழுதிவைப்போம். மறுபடி சந்தைக்கு ஓடக் கூடாது. மார்ச்சில் மலிவான வலதுகை அனுபவசாலி ஒருவரை ஒரு வருடத்துக்கு எடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை, அவர் பெஞ்சில் இருந்து சகீஸியோடு பகிர்ந்துகொள்ளும்வரை. ஜோர்டனை மெம்ஃபிஸில் வாரத்துக்கு நான்கு நாள் மூன்றாம் பேஸில் நிறுத்த வேண்டும், முதல் பேஸுக்கு விரட்டக் கூடாது. முதல் பேஸ் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்.

---

புள்ளிக்கணக்கு · 19 ஜனவரி 2026

முழு வருடம் எனக்கு அதிகம். ஜூலை ஆல்-ஸ்டார் இடைவேளை வரை என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் சுமார் 350 முறை பேட் பிடித்திருப்பார். ஸ்ட்ரைக் அவுட் விகிதம் நிலையாவதற்கு அது தாராளம். 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் செப்டம்பர் வரை நானே கொடி பிடிக்கிறேன். 35இல் நின்றால் ஜூலை இறுதியில் டிரேட், ஆகஸ்ட் முதல் ஜோர்டன்.

---

செங்குருவி · 19 ஜனவரி 2026

30 என்பது கடுமை. 32 என்று வையுங்கள், ஜூலை இடைவேளையில் இதே இழைக்கு வந்து எண்களைப் போடுகிறேன். பியோரியா பக்கம், பாயெஸ் ஏப்ரலில் எந்த அணியில் தொடங்குகிறார், எத்தனை ஆட்டம் மூன்றாம் பேஸில் நிற்கிறார் என்பதை மட்டும் நீங்கள் இங்கே எழுதிக்கொண்டே இருங்கள்.